மூழ்க மறுத்த ரத்தச் சொட்டு

2009-ஆம் வருடம், கார்த்திகை மாதம். கடலூரில் மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம். திருப்பாதிரிப்புலியூரில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், எங்கள் வீட்டு முன்னறையிலேயே நான் தையல் கடை வைத்திருந்தேன். தை மாதக் கல்யாணங்களுக்கான ஜாக்கெட் துணிகள் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்தன. அப்போது என் கணவர் குடையை மடக்கக்கூட மறந்து உள்ளே வந்து, "ஏய், உன் பிளட் குரூப் இன்னா?" என்று கேட்டார்.

இரண்டு பிள்ளைகள் பெற்றுக் கொடுத்த பெண்டாட்டியிடம் கேட்கிற கேள்வியா இது! இரண்டு பிரசவத்துக்கும், என் ரத்த வகைக்காரிகளுக்கென்றே போடுகிற அந்த விலை உயர்ந்த ஊசிக்காக மருந்துக் கடை மருந்துக் கடையாக அலைந்தவர் அவர்தான். "ஓ நெகட்டிவ். மறந்துட்டீங்களா?" என்றேன். வந்த பதற்றத்தில் நிஜமாகவே மறந்துவிட்டிருக்கிறார். அப்பாடா என்று மெஷின் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். என் ஓரகத்திக்கு, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவிக்கு, கர்ப்பப்பையில் கட்டி. மாதக்கணக்காக ரத்தப்போக்கு இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் சமாளித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் சமையலறையில் மயங்கி விழுந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். முதலில் மருந்து கொடுத்து ரத்தப்போக்கை நிறுத்தி, உடம்பைத் தேற்றி, தைப்பூசம் கழித்து ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. ஆனால் இரண்டு பாட்டில் ஓ நெகட்டிவ் ரத்தம் கையில் இல்லாமல் கத்தியை எடுக்க மாட்டோம் என்று டாக்டர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

என் கணவரின் அண்ணனுக்கு அண்ணாமலை நகரில் யுனிவர்சிட்டியில் வேலை. ஹாஸ்டல் ஹாஸ்டலாக விசாரித்து ஒரு மாணவனைப் பிடித்துவிட்டார். இன்னொருவர் வேண்டும். என் மாமனார் வீட்டில் அத்தனை பேருக்கும் பாசிட்டிவ். வெளியூரிலிருந்து வந்த மருமகள்கள் இரண்டு பேருக்கு மட்டும் நெகட்டிவ். "எங்கப்பா ஜாதகம் பார்த்தாரா, ரத்தம் பார்த்தாரான்னே தெரியல" என்று என் கணவர் பல தடவை கேலி செய்திருக்கிறார். அந்தக் கேலி அன்றைக்குப் பெரிய அதிர்ஷ்டமாகத் தெரிந்தது.

"நான் குடுக்கிறேன்" என்றேன், அவர் கேட்டு முடிப்பதற்குள். என்னை ஒரு மாதிரி பார்த்தார். காரணம் இருந்தது. எனக்கும் அக்காவுக்கும் (அப்படித்தான் கூப்பிடுவேன்) சில வருடங்களாகவே பேச்சு சரியில்லை. எல்லாம் ஒரு ஜாக்கெட்டால் வந்த வினை. பண்ருட்டியில் சொந்தக்காரர் கல்யாணத்துக்காக அவருக்கு நான் தைத்துக் கொடுத்த ஜாக்கெட், அட்சதை போடக் கையைத் தூக்கும்போது கொக்கி தெறித்துவிட்டது. "இவளுக்கு அளவெடுக்கவே தெரியல" என்று அத்தனை பேர் முன்னாடி சொல்லிவிட்டார். என் தொழிலைச் சொன்னால் நான் சும்மா இருப்பேனா? "அளவெடுத்தப்ப இருந்த ஒடம்பு இப்ப இல்லியே!" என்று சுருக்கென்று சொல்லிவிட்டேன். மண்டபத்தில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அன்றோடு 'வாடி போடி' என்று என்னை உரிமையோடு கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் 'வாங்க, சாப்ட்டீங்களா' என்பதோடு நிறுத்திக்கொண்டார். நானும் ரோஷக்காரி. இறங்கிப் போகவில்லை.

ஆனால் மாதக்கணக்காக ரத்தம் போய்க்கொண்டிருந்தது என்று கேட்டதும் எனக்கு என் முதல் பிரசவம்தான் ஞாபகம் வந்தது. என் மூத்த பிள்ளை பிறந்தபோது அம்மா இல்லாத எனக்குப் பத்தியச் சாப்பாடு போட்டு, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி, என் துணியெல்லாம் துவைத்தது அந்த மனுஷிதான். ஜாக்கெட் சண்டையில் அது எங்கே போய்விடும்?

மறுநாளே சிதம்பரம் பஸ் ஏறினேன். ரத்த வங்கியில் சின்னக் கண்ணாடிக் குவளை ஒன்றில், துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கரைத்த மாதிரி நீலமாக ஒரு தண்ணீர் வைத்திருந்தார்கள். மயில்துத்தம் கலந்த தண்ணீராம். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை அதில் விடுவார்கள். ரத்தத்தில் இரும்பு போதுமான அளவு இருந்தால் சொட்டு கனமாக இருக்கும், மூழ்கிவிடும். இல்லாவிட்டால் மிதக்கும். மூழ்கினால் ரத்தம் கொடுக்கலாம், மிதந்தால் வீட்டுக்குப் போகலாம். எனக்கு முன்னால் ஒரு காலேஜ் பையனின் சொட்டு குண்டு மாதிரி உள்ளே போனது. என்னுடையது பாதி வரை போய்விட்டு, மறந்ததை எடுக்க வந்த மாதிரி திரும்ப மேலே வந்து நின்றுகொண்டது.

"ஹீமோகுளோபின் பன்னெண்டரை இருக்கணும்மா. ஒங்களுக்குப் பதினொண்ணுதான் இருக்கு" என்றார் டாக்டர், மெஷினிலும் அளந்து பார்த்துவிட்டு. பயப்பட வேண்டாம், நாள் இருக்கிறது, சாப்பாட்டுக்கு அப்புறம் தினமும் இந்த மாத்திரையைப் போடுங்கள் என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். பெரிய மகன் வீட்டிலிருந்து வந்து அங்கே நின்றிருந்த என் மாமியார், "இவளுக்கா ரத்தம் கம்மி? ஆளைப் பார்த்தா அப்படியா தெரியுது?" என்றார். நான் கொஞ்சம் பூசின உடம்புக்காரி. அதுவே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது!

அன்று ஊர் திரும்பியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே பாடலீஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்தேன். அம்மன் சன்னதியில் நின்று வேண்டிக்கொண்டேன். அக்காவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிகிற வரை ராத்திரியில் சோறு தொட மாட்டேன், பாலும் பழமும்தான் என்று. எனக்குப் பால் வாடையே ஆகாது. சின்ன வயதிலிருந்தே பால் என்றால் குமட்டும். பிடித்ததை விடுவது மட்டும் போதாது, பிடிக்காததையும் ஏற்றுக்கொண்டால்தான் வேண்டுதலுக்கு வலு என்று எனக்கு ஒரு எண்ணம்.

வேண்டுதலை வெளியில் சொன்னால் பலிக்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. உண்மையைச் சொன்னால் நம்பிக்கை பாதி, வீம்பு மீதி. அக்காவுக்காக நான் விரதம் இருக்கிறேன் என்பது அக்கா காதுக்குப் போனால் என் ரோஷம் என்னாவது? கணவரிடம் "டயட் இருக்கேன், ஒடம்பு ஜாஸ்தியாயிடுச்சு" என்று சொல்லி வைத்தேன். "நல்ல முடிவு" என்று அவர் சொன்ன வேகத்தில் எனக்கு வந்த கோபத்தை விரதத்தை உத்தேசித்து அடக்கிக்கொண்டேன்.

பகலில் வாடிக்கையாளர்கள் வந்துகொண்டே இருப்பார்கள், மாத்திரை ஞாபகமே இருக்காது. அதனால் இரவு பால் பழம் சாப்பிட்டதும் போடுவதென்று வழக்கம் வைத்துக்கொண்டேன். ஏற்கெனவே மெஷினில் குனிந்து குனிந்து இடுப்பு வலி என்று, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு நானாகவே கால்சியம் மாத்திரை வேறு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளை மாத்திரையும் இந்தச் சிவப்பு மாத்திரையும் ஒரே கையில். ஒரு பெரிய டம்ளர் கெட்டிப் பால். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு. மாத்திரையும் ஆச்சு, வேண்டுதலும் ஆச்சு என்று திருப்தியாக வாயைத் துடைத்துக்கொள்வேன்.

பகலில் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், வெல்லம் போட்ட கடலை உருண்டை என்று யார் எதைச் சொன்னாலும் விடவில்லை. கண்ணாடியில் கண் இமையை இழுத்து இழுத்துப் பார்ப்பேன், சிவப்பாகிவிட்டதா என்று. ஆகிவிட்ட மாதிரிதான் தெரிந்தது.

மார்கழியில் மறுபடியும் டெஸ்ட். இந்தத் தடவை மூழ்காவிட்டால் ஏனென்று கேளுங்கள் என்ற தெம்போடு போனேன். மாமியாரும் மாமாவும் (கணவரின் அண்ணனை மாமா என்றுதான் கூப்பிடுவேன்) அங்கே காத்திருந்தார்கள். சொட்டு விழுந்தது. பாதி வரை இறங்கியது. நின்றது. பிறகு நிதானமாக மேலே ஏறி வந்து மிதந்தது.

எனக்கு நம்பவே முடியவில்லை. "இன்னொரு தடவை போடுங்க மேடம், ப்ளீஸ்" என்று டெஸ்ட் எடுக்கிற அம்மாவிடம் கெஞ்சினேன். ரத்த அளவு காட்டுகிற மெஷினிலும் வைத்துப் பார்த்தார்கள். போன தடவை இருந்ததேதான். ஒரு புள்ளிகூட ஏறவில்லை.

"மாத்திரை ஒழுங்கா போட்டீங்களா? எப்ப போடுறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"தெனமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடுறேன் சார்" என்றேன். அந்த ராத்திரிச் சாப்பாடு என்ன என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டுதல் போய்விடுமே! அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, வேறு டெஸ்ட் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும், அடுத்த வாரம் வாங்க என்றார்.

வெளியே வந்ததும் மாமியார் என்னைப் பார்க்காமல், எதிரே இருந்த சுவரைப் பார்த்துச் சொன்னார்: "மனசு இருந்தா ஒடம்புல ரத்தம் ஊறாதா?"

கையிலிருந்த டெஸ்ட் சீட்டை மடித்துப் பையில் திணித்துக்கொண்டு நடந்தேன். மாமா செல்போனில் யாருக்கோ நம்பர் போட்டுக்கொண்டே நடந்தார். நெகட்டிவ் ரத்தம் கேட்டு அவர் போடாத போன் இல்லை. கிடைத்த ஒன்றிரண்டு பேரும் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார்கள். நாள் தள்ளிப்போனால் மருந்தால் அடக்கி வைத்திருக்கிற ரத்தப்போக்கு மறுபடி ஆரம்பிக்கலாம், அப்புறம் ஆபரேஷன் இன்னும் ஆபத்து என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். என் ஒரு சொட்டுக்காக எல்லாம் நின்றது.

வீட்டுக்கு வந்தால் கணவர் மெதுவாகக் கேட்கிறார், "மாத்திரையை நெஜமாவே போடுறியா?" மாமியார் சொன்னதுகூடப் பரவாயில்லை. இதுதான் சுட்டது. தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு அழுதேன். அம்மன் மேலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்காகக் குமட்டக் குமட்டப் பால் குடிக்கிறேனே, எனக்கு ஏன் இந்தக் கெட்ட பேர் என்று.

இரண்டு மூன்று நாள் கழித்து, விளக்கு வைத்து வெகுநேரம் ஆகாத ஒரு சாயங்காலம். பிள்ளைகள் டியூஷனுக்குப் போயிருந்தார்கள். அன்று சீக்கிரமே பழம் சாப்பிட்டுவிட்டு, ஒரு கையில் மாத்திரைகளும் இன்னொரு கையில் பால் டம்ளருமாக நான் நிற்கிறேன், வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அக்கா! முகமெல்லாம் வெளுத்து, கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கூட வந்த மாமாவை வாசலிலேயே நிறுத்திவிட்டு அவர் மட்டும் உள்ளே வந்தார்.

"இதோ பாருங்க. ரத்தம் குடுக்க இஷ்டம் இல்லன்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். இப்படி மழுப்பிக்கிட்டே இருந்தா அவுரு எத்தினி பேரைத் தேடுவாரு?"

அந்த 'ங்க' ஒவ்வொன்றும் ஊசி மாதிரி குத்தியது. "மழுப்பலக்கா! இதோ பாருங்க, தெனமும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒங்க கண்ணு முன்னாடியே போடுறேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு மாத்திரையையும் வாயில் போட்டு டம்ளரைத் தூக்கினேன்.

அவ்வளவுதான். ஆட்டோவிலிருந்து இறங்கவே கஷ்டப்பட்ட மனுஷி ஒரே பாய்ச்சலில் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். பால் என் புடவையிலும் தரையிலும் கொட்டியது.

"துப்பு! துப்புடி!"

அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன். பயத்தில் துப்பிவிட்டேன். எச்சிலோடு கிடந்த மாத்திரைகளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இது இரும்பு. சரி. இந்த வெள்ளை? கால்சியமா? ரெண்டையும் ஒண்ணா போட்டு, அது மேல பாலையும் ஊத்துறியா?"

"ஆமா. பாலும் சத்துதானே?"

தலையில் அடித்துக்கொண்டார். அவருக்கும் டாக்டர் இதே இரண்டு மாத்திரையையும் கொடுத்திருந்தாராம். கொடுக்கும்போதே, இரும்பு காலையில், கால்சியம் ராத்திரியில், ரெண்டும் ஒன்றை ஒன்று பார்க்கவே கூடாது, இரும்பு போடும்போது பால், தயிர் பக்கமே போகாதீர்கள் என்று எச்சரித்திருக்கிறார். "சுண்ணாம்புச்சத்து கூட இருந்தா, இரும்பை ஒடம்பு சரியா எடுத்துக்காதாம். எனக்கு இத்தினி ரத்தம் போயும் எட்டுல இருந்தது பத்துக்கு வந்திருக்கு. நல்லா இருக்கிற ஒனக்கு ஏன் ஏறலன்னு தெனமும் மண்டையை ஒடைச்சிக்கிட்டேன். நீ மாத்திரையே போடலன்னு நெனைச்சுட்டேன்!"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் ஒழுங்காகத்தான் செய்தேன்! என் மனசில் குறையில்லை! அந்தச் சந்தோஷத்தில், அவர் 'நீ' என்று மாறியதையும் 'டி' போட்டதையும் தாமதமாகத்தான் கவனித்தேன்.

ஆனால் அக்கா அதோடு விடவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆமா, நீ ஏன் பால் குடிக்கிறே? ஒனக்குத்தான் பால் வாடையே ஆவாதே! பிரசவத்தப்ப ஒரு வாய் குடிக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

நான் தரையில் கொட்டிய பாலைத் துடைக்கக் குனிந்தேன்.

"மூஞ்சைக் காட்டு. ராத்திரியில சோறு திங்கிறதில்லன்னு ஒன் வூட்டுக்காரர் அவுரு அண்ணன்கிட்ட சொன்னாராம். வேண்டுதலா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"யாருக்கு?"

துணியால் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், அக்கா மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார். அழுகிறார் என்று நினைத்தேன். அழுதுகொண்டேதான் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அடிப்பாவி! எனக்காக வேண்டிக்கிட்டு, எனக்கு வர்ற ரத்தத்துக்கே ஆப்பு வெச்சிருக்கியேடி!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே அழுகையும். வாசலில் நின்ற மாமா என்னவோ ஏதோ என்று ஓடிவந்து, இரண்டு பேரும் கட்டிக்கொண்டு சிரிப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்.

ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம். "வெளிய தெரிஞ்சுபோச்சேக்கா. இனிமே பலிக்காதே" என்றேன்.

"நீ எங்க சொன்னே? நானே கண்டுபுடிச்சேன். அது கணக்குல வராது" என்றார் அக்கா, கோர்ட்டில் தீர்ப்பு சொல்கிற மாதிரி. விரதத்தை விட்டுவிடு என்றும் சொல்லிப் பார்த்தார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மனிடம் சொன்ன வார்த்தையை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவரே வழி சொன்னார். "சரி, அம்மனுக்குப் பால் வேணும். எனக்கு இரும்பு வேணும். ரெண்டு பேருக்கும் வேற வேற நேரம் குடுத்துடு."

மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்தே போய் டாக்டரைப் பார்த்தோம். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்னு சொன்னீங்களே, அந்தச் சாப்பாடே பால்தான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். பால் கெட்டது இல்லை, கால்சியமும் உடம்புக்கு வேண்டியதுதான். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் குடலுக்குள் போனால், பஸ் ஸ்டாண்டில் ஒரே படியில் இரண்டு கூட்டம் முண்டியடிக்கிற மாதிரி, இரும்புக்கு இடம் குறைந்துவிடும். அடியோடு ஏறாது என்பதில்லை, ஏற வேண்டிய அளவு ஏறாது. நான் கால்சியம் மாத்திரை, கெட்டிப் பால் எல்லாவற்றையும் அதன் மேலேயே கொட்டினேன் என்றால் அது பாவம் என்ன செய்யும்? காலையில் எலுமிச்சைச் சாறோடு இரும்பு மாத்திரையைப் போடுங்கள், அது உள்ளே போக எலுமிச்சை உதவி செய்யும், டீ காபியையும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், கால்சியத்தை இனி நீங்களாக வாங்கிப் போடாதீர்கள் என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. தினமும் காலையில் கோலம் போட்டு முடிப்பதற்குள் போன் அடிக்கும். எடுத்தால் 'ஹலோ'கூடக் கிடையாது. "போட்டியா?" என்று அக்கா குரல். "போட்டேன்." "எதுல?" "எலுமிச்சம்பழத்துல." "டீ குடிச்சியா?" "இல்லக்கா, சாமி சத்தியமா இல்ல." இப்படி ஆரம்பித்த பேச்சு பிள்ளைகள் படிப்பு, மாமியார், பண்ருட்டி சொந்தக்காரர்கள் என்று நீண்டுவிடும். பேசாமல் இருந்த வருடங்களின் பாக்கியை எல்லாம் அந்தக் கொஞ்ச நாளில் பேசித் தீர்த்தோம். என் கணவர் போன் பில்லைப் பார்த்துவிட்டு, ரத்தத்தை வெளியில் வாங்கியிருந்தாலே பரவாயில்லை என்றார்.

தை பிறந்து, பொங்கல் முடிந்து, ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் மூன்றாவது டெஸ்ட். வரவேண்டாம் என்று எல்லாரும் சொல்லியும் அக்கா அங்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாமா, மாமியார், என் கணவர் எல்லாரும் அந்தக் குவளையைச் சுற்றி நிற்கிறோம். டெஸ்ட் எடுக்கிற அம்மாவுக்கே எங்கள் கதை தெரிந்துவிட்டது. "எல்லாரும் கொஞ்சம் நகருங்க, எனக்கே பரீட்சை மாதிரி இருக்கு" என்றார்.

விரலில் குத்தினார். சொட்டு விழுந்தது. இறங்கியது. பாதி ஆழத்தில் நின்றது. அதே இடம். இரண்டு தடவையும் அங்கேதான் நின்று திரும்பியது. அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்தார். நகம் பதிந்த வலிகூட எனக்கு அப்போது தெரியவில்லை. சொட்டு கொஞ்சம் ஆடியது. பிறகு கீழே, கீழே, நேராக அடி வரைக்கும் போய் உட்கார்ந்தது.

"முங்கிடுச்சு! முங்கிடுச்சுக்கா!"

நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து நர்ஸ் ஓடிவந்தார். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். ரத்தம் கொடுக்க வரிசையில் இருந்த காலேஜ் பையன்கள் எதற்கென்றே தெரியாமல் கை தட்டினார்கள். மெஷினும் பன்னிரண்டரையைத் தாண்டிக் காட்டியது. பரீட்சையில் நான் ஒருநாளும் முதல் மார்க் வாங்கியதில்லை. வாங்கியிருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும்போல! கட்டிலில் படுத்துக் கையை நீட்டியபோது எனக்கு ஊசி பயமே தெரியவில்லை. பை நிறைய நிறைய, வேடிக்கை பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஆபரேஷன் நினைத்ததைவிட அதிக நேரம் பிடித்தது. கட்டி பெரிதாக இருந்ததால் ரத்தம் அதிகமாகப் போய்விட்டது. வெளியே வந்த டாக்டர், "ரெண்டாவது பாட்டிலையும் ஏத்த வேண்டியதாப்போச்சு. அது மட்டும் ரெடியா இல்லன்னா ரொம்பக் கஷ்டமாயிருக்கும். இப்ப நல்லா இருக்காங்க" என்றார். அந்த இரண்டாவது பாட்டில் என்னுடையது. மாணவனுடையதைத்தான் முதலில் ஏற்றியிருந்தார்கள். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அம்மனை நினைத்துக் கும்பிட்டேன்.

அன்று சாயங்காலம் மாமியார் எங்கேயோ போய்விட்டு வந்தார். கையில் சூடான சாம்பார் சாதப் பொட்டலம். என் மடியில் வைத்துவிட்டு, இந்தத் தடவை சுவரைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். "அதான் நல்லபடியா முடிஞ்சுடுச்சே. தின்னும்மா." அந்தச் சாதத்தின் ருசியைச் சொல்ல எனக்கு வார்த்தை வராது.

மறுநாள் அக்காவைப் பார்க்க உள்ளே விட்டார்கள். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. பக்கத்தில் போய்க் கையைத் தொட்டேன். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, ஈனக் குரலில் சொன்னார்: "ஒன் ரத்தம் உள்ள போனதுல இருந்து எனக்கு எல்லார் மேலயும் கோவம் கோவமா வருதுடி." சிரிக்கவைக்காதீர்கள், தையல் பிரியும் என்று நர்ஸ் எங்களை அதட்டினார்.

அதிலிருந்து யாருக்காவது நல்லது செய்ய நினைத்தால், ரோஷம் பார்க்காமல் முதலில் அவர்களிடமே போய்ச் சொல்லிவிடுகிறேன். மனசுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்த என் பிரியம், அக்கா மட்டும் அன்று சண்டை போட வராமல் இருந்திருந்தால், அவர் உயிருக்கே குறுக்கே நின்றிருக்குமே என்று நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு ஒரு தரம் நின்றுதான் அடிக்கிறது.